மாரிகுப்பத்து ஏடுகளும் வன்தட்டுகளும்

பங்காரப்பேட்டையில் பிரிந்து செல்லும் கிளை இருப்புப்பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. 1894ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதை தங்கச் சுரங்கங்களின் பொருட்டு அமைந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்து வந்த தமிழர் பலர் அந்நிலையத்தில்தான் முதன்முதலாக மைசூர் மண்ணில் கால் வைத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டபின், அதே பாதை தங்கவயல் மக்களை நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிச் சென்று இரவில் திரும்பக் கொணர்கிறது. கோலார் தங்கவயலின் வரலாறு என்றதும் பொன்னின் வரலாறே நம் நினைவுக்கு வருகிறது. ஆயின் அவ்வூருக்குத் தாளின் வரலாறு ஒன்றும் உண்டு. எழுதியதை எங்கே வைப்பது, வைத்தது நலமாக இருக்கிறதா என்று எவ்வாறு அறிவது என்னும் வினாவை எழுப்பும் வரலாறு அது. இன்று பிற மாநிலங்களில் வாழும் நம் தமிழ்ச் சங்கங்கள் தத்தம் மலர்களையும் புகைப்படங்களையும் கணினிப் பெட்டிகளில் ஏற்றிவரும் காலமாதலின், அவ்வினாவைச் சற்றே விரித்துப் பார்ப்போம்.

பண்டிதர் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் தொடங்கினார். ஓராண்டு கழிந்தபின் அது 'தமிழன்' எனப் பெயர் சுருங்கிற்று. 1914ஆம் ஆண்டு மே மாதத்தில் மறையும்வரை அவரே அதன் ஆசிரியர். இவ்விதழைத் தாங்கிய தூண்களுள் ஒன்று மாரிகுப்பம். அங்கே அவரது பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. சுரங்கத் தொழிலாளரும் மேஸ்திரிகளும் எழுத்தர்களும் சந்தா செலுத்தினர். தங்கவயலுக்கு அப்பால் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதைப் படித்தவர் இருந்தனர். புலம்பெயர்ந்தோரால் வாழ்ந்த இதழ் என்று அதைக் கூறினால் மிகையாகாது. பின்னர் 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே அதை மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை மறுபடியும் அச்சிட்டு வந்தது.

அதன்பின் நெடுங்காலம் இவ்வெழுத்துகள் தமிழ்நாட்டு அறிஞர் பலரின் கண்ணில் படவில்லை. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் அவர்களைத் தொகுப்பாசிரியராகக் கொண்டு 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்னும் தொகுதிகளை வெளியிட்டபோதுதான் அவை பரவலாக வாசிக்கப்பட்டன. இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகள் அவை எங்கே இருந்தன? அரசு ஆவணக் காப்பகத்தையோ பல்கலைக்கழகத்தையோ பெரிதும் நம்பி அவை பிழைக்கவில்லை. ஆர்வலர் சிலரின் வீட்டுப் பெட்டிகளில், கட்டுக் கட்டிய பழந்தாள்களாக இருந்தன.

இங்கே இரண்டு செய்திகளை நாம் உற்று நோக்க வேண்டும். ஒன்று, ஒரு பிரதி அழிந்த இடத்தில் இன்னொரு பிரதி வேறோர் ஊரில் இருந்தமையால் எழுத்து தப்பிற்று. மற்றொன்று, ஒவ்வோர் இதழின் தலைப்பிலும் மலர் எண்ணும் இதழ் எண்ணும் நாளும் அச்சாகியிருந்தமையால், எது இருக்கிறது, எது இல்லை என்று தொகுப்பவர் அறிய முடிந்தது. முதற்செய்தியை எல்லோரும் போற்றுவர். இரண்டாவதை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. என் கருத்தில் அதுவே அரிது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். எட்டுத்தொகை நூல்களைத் தொகுத்தவர் நானூறு என்றும் ஐந்நூறு என்றும் எண்ணிட்டு வைத்தனர். அதனாலன்றோ புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்றும், நற்றிணையில் 234ஆம் பாடல் கிடைக்கவில்லை என்றும் நம்மால் உறுதியாகக் கூற முடிகிறது? பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தன என்பதை நூலின் பெயரே காட்டிக் கொடுக்கிறது. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாகும் அந்தாதித் தொடையிலும் இத்தகைய காவல் ஒன்று மறைந்திருக்கிறது. நடுவே ஒரு பாட்டு விழுந்தால் சங்கிலி அறுந்து ஓசை காட்டும். எண்ணிக்கை இழப்பைக் காட்டும். ஆனால் எழுத்துப் பிழையைக் காட்டாது. உ. வே. சாமிநாதையர் ஒரு நூலுக்குப் பல சுவடிகளைத் திரட்டி வரிக்கு வரி ஒப்பிட்டது அதற்காகவே. இரண்டு சுவடிகள் மட்டும் கிடைத்து இரண்டும் மாறுபட்டால், எது மூலம், எது பிழை என்று தீர்ப்பது எவ்வளவு அரிது என்பதை அவர் பதிப்புகளின் பாடபேதக் குறிப்புகள் உணர்த்தும். அயோத்திதாசர் வீட்டிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. தம் பாட்டனார் கந்தப்பன் என்பவர், தாம் பணிபுரிந்த ஹாரிங்டன் துரையிடம் அளித்த திருக்குறள் சுவடி எல்லிஸ் துரையின் கையைச் சேர்ந்தது என்று அவர் எழுதியுள்ளார்.

இனிச் சுரங்கத்தைச் சிறிது நோக்குவோம். தங்கவயலின் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றவை. அவ்வாழத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறும். வெடிக்கும்வரை பார்வைக்கு அது உறுதியாகவே தோன்றும். ஆகவே காண்பதை நம்பாமல் கேட்பதை நம்பும் வழக்கம் சுரங்கத் தொழிலில் வேரூன்றியது. கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்ப்பர். கணீரென்ற ஓசை எழுந்தால் பாறை திண்மையானது, பொள்ளல் ஓசை எழுந்தால் உள்ளே பிளவு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலநடுக்கப் பதிவுக் கருவி ஒன்று சாம்பியன் ரீப்பில் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் பல இடங்களில் பதித்த உணர்கருவிகளை ஒரே நிலையத்தோடு இணைத்துப் பாறையின் முனகலைப் பதிவு செய்தனர். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தோன்றியதற்கு இந்த அனுபவமே அடிப்படை. விழுந்தபின் அறிவது விபத்துச் செய்தி. விழுமுன் தட்டிப் பார்ப்பதே காவல். தாளுக்கும் தட்டுக்கும் இதே முறைமை பொருந்தும்.

கணினித் தட்டின் வரலாறு 1956இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் பொறியில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன; அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று 'தமிழன்' போன்ற பழைய இதழின் ஒரு பக்கத்தைச் சுருக்காமல் வண்ணப்படமாக வருடி எடுத்தால், அந்த ஒரு பக்கத்திற்கே பத்துக்கு மேற்பட்ட ராமாக் பொறிகள் வேண்டியிருக்கும். ஒரு பக்கத்திற்கு 50 மெகாபைட் எனவும், இதழ் ஒன்றுக்கு நான்கு பக்கம் எனவும் கொண்டால், அயோத்திதாசர் காலத்து ஏழாண்டு இதழ்கள் 1,456 பக்கங்களாகும். அவற்றுக்கு ஏறத்தாழ 73 ஜிகாபைட் இடம் போதும். கையடக்கமான ஒரு தட்டின் மூலையில் அவை அடங்கிவிடும். கொள்வதற்கு இடம் இருக்கிறது என்பதனாலேயே காவல் இருக்கிறது என்று மயங்குகிறோம்.

தட்டு பழுதடையும் என்பதை அறிந்த அறிஞர் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், 1988இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலை மிகுந்த ஒரு பெரிய தட்டுக்கு மாற்றாக மலிவான சிறு தட்டுகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் செய்தி கெடாதவாறு அமைக்கலாம் என்று அதில் காட்டினர். அதுவே இன்று 'ரெய்ட்' என வழங்கும் முறை. அதன் உட்பொருளைச் சிறு கணக்கால் விளக்கலாம். மூன்று தட்டுகளில் முறையே 7, 4, 9 என்னும் எண்கள் உள்ளன. நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20ஐ எழுதி வைக்கிறோம். 4 இருந்த தட்டு பழுதுற்றால், 20இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழிக்க, மறைந்த 4 மீண்டு வருகிறது. பொறி செய்வது இருமை எண்களின் வேறு வகைக் கூட்டல். எனினும் கருத்து இதுதான். இரண்டு தட்டுகள் ஒருங்கே மறைந்தால் இக்கணக்கு நம்மைக் கைவிட்டுவிடும்.

இவ்வாறு தட்டுகள் பலவற்றை ஒன்றாக்கி, வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள எல்லாக் கணினிகளும் வலையிணைப்பு வழியே பயன்படுத்துமாறு வைக்கும் பெட்டியைக் கடைக்காரர் 'நாஸ்' என்பர். தட்டுகள் கலந்து உருவாகும் பொது இருப்பு 'ஸ்டோரேஜ் பூல்' எனப்படும். நாம் அதைத் தொகுப்பு என்று கூறுவோம். தொகுப்பைப் பற்றி அறிய வேண்டியவை இரண்டே: எவ்வளவு நிறைந்திருக்கிறது? எந்நிலையில் இருக்கிறது?

நிறைவைப் பற்றி முதலில் கூறுவோம். பாலாற்றின் மேல் அமைந்த பேத்தமங்கலம் ஏரியே தங்கவயலுக்குக் குடிநீர் அளித்தது. ஏரியில் நீர் நிற்கும் மட்டத்தைப் பார்த்தவுடன் இவ்வளவு நீர் உண்டு என்று சொல்லிவிட முடியாது. அடியில் படிந்த வண்டலையும் கணக்கிட வேண்டும். தொகுப்பிலும் இத்தகைய வண்டல் உண்டு. 4 டெராபைட் தட்டுகள் நான்கை வாங்குபவர் 16 கிடைக்கும் என எண்ணுகிறார். ஒரு தட்டின் அளவு காவலுக்குச் செல்ல, எஞ்சுவது 12. கணினி அதையும் இருமை முறையில் அளந்து 10.9 என்று திரையில் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குச் செல்பவர் உண்டு. இனி, பழைய நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் 'ஸ்நாப்ஷாட்' என்னும் வசதி ஒன்று உண்டு. அது இயங்கும்போது நாம் ஒரு கோப்பை அழித்தாலும் அதன் இடம் விடுபடுவதில்லை. 'எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன், ஆயினும் இடம் கூடவில்லையே' என்று கலங்குபவருக்கு விடை பெரும்பாலும் இதுவே. தொகுப்பு நூற்றுக்கு எண்பது நிறைந்ததுமே எச்சரிக்கை எழுமாறு வைப்பது நெடுநாள் வழக்கம். எழுதப்பட்ட இடத்தின்மேல் மறுபடி எழுதாமல் புது இடம் தேடி எழுதும் முறையைச் சார்ந்த தொகுப்புகள், இடம் குறையக் குறைய வேகம் தளரும். முற்றிலும் நிறைந்துவிட்டால் அழிக்கும் செயலுக்கே இடமின்றித் திணறும். எண்பது என்னும் எண்ணைக் காட்டிலும், மாதந்தோறும் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் குறித்து வருவது பயன் மிக்கது. ஏறும் வேகம் தெரிந்தால் எத்தனை மாதத்தில் கரை தொடும் என்பது தெரியும். புதுத் தட்டு வாங்கச் சங்கத்தின் பொதுக்குழுவில் பணம் கேட்கவும் நாள் கிடைக்கும்.

நிலையைப் பற்றிய பேச்சில் சொற்களே முதல் இடர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதைச் சிறிது விரித்துக் கூற அனுமதி வேண்டுகிறேன். பெட்டியின் திரையில் 'ஹெல்த்தி' என்று பச்சை நிறத்தில் ஒளிர்ந்தால் அதை நலம் எனலாம், இடர்ப்பாடில்லை. 'டிகிரேடட்' என்று வந்தால் என்ன கூறுவது? தரங்குறைந்தது என்று அகராதி வழி எழுதிவிடலாம். அது கேட்பவரைத் திசை திருப்பும். தரம் எதுவும் குறையவில்லை. படங்கள் அப்படியே திறக்கின்றன, நூல்கள் அப்படியே வாசிக்கப்படுகின்றன. குறைந்தது காவல் மட்டுமே. மேலே கண்ட கணக்கில் ஒரு தட்டு போயிற்று. இனி ஒன்று போனால் எல்லாம் போயிற்று. ஆகவே 'காப்பிழந்த நிலை' என்பதே நேர்பொருள் தரும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று திங்கள் கணக்கில் அவ்வெச்சரிக்கையைப் புறக்கணிப்பவர், பொள்ளல் ஓசை கேட்ட கூரையின்கீழ் அமர்ந்து உணவருந்துபவரை ஒப்பர்.

புதுத் தட்டை மாற்றிவிட்டால் முடிந்ததா? முடியவில்லை. இழந்த பகுதியை மீள எழுத, எஞ்சிய தட்டுகள் எல்லாவற்றையும் முற்றாகப் படிக்க வேண்டும். பெரிய தட்டுகளில் இப்பணி ஒரு நாளையும் கடந்து நீளும். ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய தட்டுகள் ஒரே வயதினவாதலின், முதலாவது களைத்த காலத்தில் மற்றவையும் களைப்பின் எல்லையில் நிற்கக்கூடும். அந்தப் பெரும் வாசிப்பின் நடுவே இரண்டாவது தட்டில் படிக்க இயலாத இடம் ஒன்று எதிர்ப்பட்டால், மீட்பு அங்கேயே இடறும். ஆதலின் நெருக்கடி வருமுன்பே, அமைதியான நாளில் எல்லா எழுத்தையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது முறை. இதை 'ஸ்க்ரப்' என்பர். மாதம் ஒருமுறை அதைச் செய்வது பலரது வழக்கம். கூரையைத் தட்டிப் பார்க்கும் வேலைதான் அது.

தட்டுகளும் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைக்கின்றன. கெட்டுப்போன நுண்ணிடங்களுக்கு மாற்றாக ஒதுக்கிடங்கள் எத்தனை பயன்பட்டன, வெப்பம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் சுழன்றது என்பனவற்றை 'ஸ்மார்ட்' என்னும் குறிப்பில் காணலாம். கூகுள் நிறுவனத்தார் இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவுகள் இங்கே கருதத்தக்கவை. ஒரு தட்டில் முதல் வாசிப்புப் பிழை தோன்றியபின் அறுபது நாளுக்குள் அது பழுதடையும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைவிட 39 மடங்கு மிகுந்திருந்தது. எனினும் பழுதுற்றவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை எவ்வித முன்னறிகுறியும் காட்டாமலே வீழ்ந்தன. குறிப்பு எச்சரித்தால் நம்ப வேண்டும். எச்சரிக்கவில்லை என்பதற்காக உறங்கிவிடக் கூடாது.

இதனினும் நுட்பமான கேடு ஒன்று உண்டு. தட்டு கெடவில்லை, ஆனால் அதில் எழுதிய எழுத்து ஓசையின்றி மாறிவிடுகிறது. அதே 2007இல் ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமாகிய செர்ன், தன் பெருங் கணினிகளில் இத்தகைய மௌனப் பிழைகளைத் தேடிக் கண்டறிந்தது. நம் கணக்கில் 4 என்பது 5 ஆக மாறினால் கூட்டல் ஒவ்வாது என்பது தெரியும். மாறியது எது என்று தெரியாது. இரண்டே சுவடிகளை வைத்துக்கொண்டு தத்தளிக்கும் பதிப்பாசிரியரின் நிலை அது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் போன்விக்கும் ஆரன்சும் 2001இல் தொடங்கி 2005இல் வெளியிட்ட 'இசட்.எப்.எஸ்.' என்னும் முறை இதற்கு வழி கண்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து, அதை அப்பகுதியோடு வைக்காமல், அதன் முகவரி எழுதப்பட்ட இடத்தில் வைத்தனர். படிக்கும்போது எண் ஒவ்வாவிடில் அப்பிரதி பிழையுடையது எனத் தெளிவாகும். நல்ல பிரதியிலிருந்து அது திருத்தப்படும். 'தொகுப்பு' என்னும் கருத்தைப் பலரும் அறியச் செய்ததும் அம்முறையே.

இத்தனை காவலும் ஒரே பெட்டிக்குள் இருப்பது என்பதை மறத்தலாகாது. தீயோ வெள்ளமோ மின்னலோ திருடனோ வந்தால், நான்கு தட்டுகளும் ஒன்றாகவே போகும். தவறுதலாக ஒருவர் அழித்த கோப்பு நான்கிலும் ஒருங்கே அழியும். 'தமிழன்' பிழைத்தது ஒரு வீட்டில் நான்கு பிரதிகள் இருந்தமையால் அன்று. பல ஊர்களில் இருந்தமையால். ஆகவே மும்பையில் உள்ள சங்கம் தன் பிரதி ஒன்றைத் தில்லியிலோ கொல்கத்தாவிலோ உள்ள நட்புச் சங்கத்திடம் ஒப்படைத்து, அவர்களுடையதைத் தான் வாங்கி வைத்தல் தகும். ஆண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத பிரதி உண்டென்று சொல்லுதற்குரியதன்று.

பெட்டி எழுப்பும் எச்சரிக்கை எவருக்குச் செல்கிறது என்பதையும் நோக்க வேண்டும். நான் அறிந்த ஒரு சங்கத்தில், எச்சரிக்கை மடல்கள் முன்னாள் செயலர் ஒருவரின் முகவரிக்கே ஈராண்டுகளாகச் சென்றுகொண்டிருந்தன; அவரோ பணி மாறுதலில் வேறு மாநிலம் சென்று, அம்முகவரியையே கைவிட்டிருந்தார். பெட்டி தன் கடமையைச் செவ்வனே செய்தது. கேட்பாரில்லை. மடல் இருவருக்குச் செல்லுமாறு வைப்பதும், செயலர் மாறும் நாளிலே கணக்குப் புத்தகத்தோடு இப்பொறுப்பையும் கைமாற்றுவதும், சோதனை மடல் ஒன்றை அனுப்பி வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதும் எந்தப் புதுப் பொறியும் வேண்டாத செயல்கள்.

தொகுப்பில் உள்ள மலர்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் பக்கங்கள் எத்தனை, கிடைக்காதவை எவை என்னும் பட்டியலைத் தாளில் எழுதிப் பெட்டிக்கு வெளியே வைத்தல் வேண்டும். சுரங்கம் மூடியபின் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் அப்பாலும் பெயர்ந்த குடும்பங்கள் பல. பாட்டனாரின் தகரப் பெட்டி இன்னும் பரண்மேல் இருக்கும் வீடுகளும் அவற்றுள் இருக்கலாம். அத்தகைய பெட்டியில் பழுப்பேறிய தாள்கள் அகப்பட்டால், மடிப்பைப் பலவந்தமாக விரிக்க வேண்டாம். அக்காலத்து மலிவுத் தாளில் உள்ள அமிலம் அதை நொறுங்கச் செய்திருக்கும். பக்கத்தின் தலைப்பை மட்டும் பார்த்து, மலர் எண்ணும் இதழ் எண்ணும் நாளும் தெரிந்தால் அவற்றை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பது அதற்குப் பின்.